ஐ.என்.ஏ.வில் இருந்த தாத்தாவைத் தேடுவது எப்படி: வட ஆற்காட்டுக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தாத்தா நேதாஜி பட்டாளமான இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்தார் என்று கேள்விப்பட்டவர்கள் முதல் வேலையாக டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறார்கள். இந்தப் பெயரில் விவரம் இல்லை என்று ஒரு வரிப் பதில் வருகிறது. தேடல் அங்கேயே நின்றுபோகிறது. என் அம்மாவின் அப்பாவைத் தேடியபோது நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு வருடம் வீணாகப் போயிற்று. பிறகு குடியாத்தம், ஆம்பூர், ஆரணிப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்கு உதவப் போனேன். அவர்களும் அதே இடத்தில்தான் இடறியிருந்தார்கள்.

தேட வேண்டிய வரிசை இது: வீடு, ஊர், தாலுகா, மாவட்டம், சென்னை, டெல்லி, அதன் பிறகே மலாயாவும் சிங்கப்பூரும் பர்மாவும். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் ஒரு எண்ணோ பெயரோ தேதியோதான் அடுத்த படியின் கதவைத் திறக்கும். இதை மாற்றிச் செய்தால் கேட்க வேண்டிய கேள்வியே நமக்குத் தெரியாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். கைப்பேசியில் குறித்துக்கொண்டவை ஆறு மாதத்தில் எங்கே போயின என்று தெரியாது. நோட்டில் இடப்பக்கம் கிடைத்த செய்தியை எழுதுங்கள். வலப்பக்கம் அதை யார் சொன்னார், எந்தக் காகிதத்தில் இருந்தது, என்றைக்குப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். வலப்பக்கத்தைக் காலியாக விட்டவர்கள் பின்னால் எதை நம்புவது என்று தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் காகிதங்களை இரண்டு இரண்டு நகல் எடுத்து வையுங்கள். உங்கள் அடையாள அட்டை, அவர் பெயர் உள்ள உங்கள் அம்மா அல்லது அப்பாவின் பள்ளிச் சான்றிதழ், அவருடைய இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. பழைய கோப்பைக் காட்டும் முன் அலுவலகத்தில் கேட்கும் முதல் கேள்வியே "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்பதுதான்.

1. முதலில் ஆயாவிடம் உட்காருங்கள்

வீட்டில், தெருவில், உறவில் மூத்தவர் யார் என்று பாருங்கள். காகிதம் காத்திருக்கும், தொண்ணூறு வயது காத்திருக்காது. இதை அடுத்த பொங்கலுக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

"தாத்தா ஐ.என்.ஏ.வில் இருந்தாரா?" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்று பதில் வரும், அதில் ஒன்றும் இல்லை. அவரோடு ஊரிலிருந்து யார் யார் கிளம்பினார்கள்? எந்தக் கங்காணி (தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பவர்) கூட்டிப் போனார்? எந்தத் துறைமுகம்? கடிதமும் பணமும் எந்த ஊரிலிருந்து வந்தன? எப்போது வருவது நின்றது? திரும்பி வந்தபோது உடம்பு எப்படி இருந்தது? இப்படிக் கேளுங்கள்.

என் சின்ன ஆயா சொன்னது: "அவரு பினாங்கு கப்பல்ல போனாரு கண்ணு. வர்றப்ப ஒரு டிரங்குப் பொட்டியும் மலக்காச்சலும்தான் கொண்டாந்தாரு." இந்த இரண்டு வரியில் துறைமுகமும் இருக்கிறது, கொசு மொய்த்த காடும் இருக்கிறது.

இன்னொரு கேள்வியையும் தவறாமல் கேளுங்கள். கருமாதிக்கு வெளியூரிலிருந்து உறவில்லாத யாராவது வந்தார்களா? பட்டாளத்தில் கூட இருந்தவர்கள் சாவுக்கு வருவார்கள். எங்கள் தாத்தாவின் கருமாதிக்குப் போளூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, ஓரமாக நின்று, ஜெய்ஹிந்த் சொல்லிவிட்டுப் போனார் என்று அத்தை நினைவு வைத்திருந்தார். அவர் குடும்பத்தைத் தேடிப் பிடித்தபோதுதான் எனக்குப் பாதி வழி தெரிந்தது.

பாட்டிகளையும் விட்டுவிடாதீர்கள். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் முகாம் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் (ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவு) தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். கல்யாணம் ஆனபின் அதைப் பற்றி வாயே திறக்காதவர்கள் அவர்களில் உண்டு.

2. டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

எதையும் துடைக்காதீர்கள், ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டு லேமினேட் செய்யாதீர்கள். இருக்கிற நிலையிலேயே முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுங்கள். ஆதாரம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் கிடக்கும்: ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி, தபால் முத்திரை.

தேட வேண்டியவை: மணியார்டர் துண்டு, சாதகம், நிலப் பத்திரம், இந்திய சுதந்திர லீக்கின் ரசீது அல்லது உறுப்பினர் அட்டை, மலாயா அடையாள அட்டை, 1972 முதல் தியாகிகளுக்கு வழங்கிய தாமிரப் பட்டயம், ஓய்வூதியப் புத்தகம்.

ஜப்பான்காரன் காலத்து நோட்டு ஏதாவது இருந்தால் அதை நன்றாகப் பாருங்கள். மலாயா, சிங்கப்பூர் நோட்டு டாலர் கணக்கில் இருக்கும்; பத்து டாலரில் வாழைமரம் அச்சிட்டிருக்கும். பர்மாவில் ஓடிய நோட்டு ரூபாய் கணக்கு. வீட்டில் ரூபாய் நோட்டு இருந்தால் அவர் பர்மா மண்ணை மிதித்திருக்க வாய்ப்பு அதிகம். டாலர் நோட்டு மட்டும் இருந்தால் அவசரப்பட்டு இம்பால் போர்முனைக்குப் போனார் என்று எழுதிவிடாதீர்கள்.

புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று: காக்கி உடுப்பில் இருக்கும் படத்தைப் பார்த்ததும் ஐ.என்.ஏ. என்று முடிவுகட்டுவது. பிரிட்டிஷ் இந்தியப் படை, மலாயாப் போலீஸ், தோட்டத்துக் காவலாளி எல்லாருக்கும் காக்கிதான். படத்தை எங்கே, எப்போது எடுத்தார்கள் என்று தெரியும்வரை அது ஒரு படம், அவ்வளவே.

3. பெயர்ப் பட்டியல் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் டெல்லியில் தோற்கிறார்கள். அவர் பெயர் தமிழில் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதினவர் யாரோ ஒரு கிராணி (தோட்டத்துக் கணக்கர்) அல்லது பஞ்சாபி எழுத்தர். காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

நம் பக்கத்தில் மிகுதியாக இருக்கும் ஏழுமலை என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'இ' எழுத்தில் தொடங்கலாம், 'ஒய்' எழுத்தில் தொடங்கலாம். 'ழ' இருக்கும் இடத்தில் 'எல்' வரலாம், 'இசட்'டும் 'ஹெச்'சும் சேர்ந்து வரலாம். எத்திராஜுக்கும் இதே கதிதான். முனுசாமி, முனிசாமி, முன்சாமி மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். கோவிந்தசாமியின் வால் 'சாமி', 'ஸ்வாமி', 'சமி' என்று எப்படியும் வரும்.

ஆகவே ஒரு தாளில் எல்லா எழுத்து வகைகளையும் எழுதுங்கள். பக்கத்தில் அப்பா பெயருக்கும் அதே மாதிரி. வீட்டில் கூப்பிட்ட பெயர், சாதிப் பட்டப்பெயர், கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பெயர் எல்லாம் தனித்தனியே. மலாயாக் காகிதங்களில் 'இன்னாரின் மகன்' என்பதை மலாய் மொழிச் சுருக்கமாகப் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் போடும் வழக்கம் உண்டு. அதைப் பெயரின் பகுதி என்று எண்ணி ஒரு பையன் ஆறு மாதம் தவறான பெயரைத் தேடினான்.

ஊர்ப் பெயருக்கும் பட்டியல் வேண்டும். கிராமம், பக்கத்துச் சந்தை ஊர், தபால் நிலையம், தாலுகா. வெளிநாட்டுக் காகிதத்தில் நம் சிற்றூர் இருக்காது. 'குடியாத்தம்' அல்லது 'வட ஆற்காடு' என்று மட்டும் இருக்கும்.

4. எந்த வாசல் வழியாகச் சேர்ந்தார்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ஐ.என்.ஏ.வுக்குள் போக இரண்டு வாசல்கள் இருந்தன. எந்த வாசல் என்று தெரியாமல் எழுதும் மனு தவறான மேசைக்குப் போய்ச் சேரும்.

முதல் வாசல் சிப்பாய்களுடையது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் போய், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோதோ அதற்கு முன் மலாயாவிலோ ஜப்பானியரிடம் பிடிபட்டு, பிறகு ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்கள். இவர்களுக்குப் படை எண் இருக்கும், ரெஜிமென்ட் இருக்கும், ஆள் சேர்த்த இடம் இருக்கும். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் இவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஆகவே ராணுவத் தாளிலும் விசாரணைத் தாளிலும் இவர்களின் தடம் இருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாவது வாசல் தோட்டத்துத் தமிழர்களுடையது. கங்காணி வழியாகவோ சொந்தமாகவோ மலாயா போய் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள், ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்கள், ரங்கூனில் இருந்தவர்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் சேர்ந்தவர்களில் இவர்களே அதிகம். இவர்களுக்கு இந்தியாவில் படை எண் கிடையாது. 1945 ஆகஸ்டில் மலாயாவில் பட்டாளம் கலைந்ததும் பலர் உடுப்பைக் கழற்றிவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பினார்கள். அவர்களுக்குச் சிறைக் காகிதமும் இருக்காது. வட ஆற்காட்டிலிருந்து போனவர்களில் நான் பார்த்த குடும்பங்கள் பெரும்பாலும் இந்த வகை.

மூன்றாவதாக ஒரு கூட்டத்தை மறந்துவிடக் கூடாது: பிடிபட்டும் ஐ.என்.ஏ.வில் சேர மறுத்தவர்கள். ஜப்பானியர் இவர்களில் பலரை நியூ கினி வரை கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். ஆம்பூர்ப் பக்கத்து ஒரு குடும்பம் தங்கள் பெரிய தாத்தா நேதாஜி படையில் செத்தார் என்றே மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்தது. அவர் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி போர் நினைவிடத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் பெயர்களுக்கு நடுவே இருந்தது. அவர்கள் அழுதார்கள். அவருடைய பாடும் பாடுதான். அதை உள்ளபடி தெரிந்துகொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

இன்னொரு குழப்பம் 'பர்மாவுக்குப் போனார்' என்ற சொல். 1942–43இல் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்கும் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது; 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர் துப்பாக்கி பிடித்தாரா, மண் சுமந்தாரா என்பதை வருடத்தை வைத்தும், கூடப் போனவர்களை வைத்தும் பிரித்தறியுங்கள். 1944க்கு முன் மலாயாத் தோட்டத்திலிருந்து 'பர்மா' போனவர் என்றால் ரயில்பாதையை முதலில் நினையுங்கள்.

வாசலைக் கண்டுபிடிக்கச் சிறு அடையாளங்கள் உண்டு. வீட்டுக்குப் பணம் கங்காணி மூலம் வந்ததா, படை அலுவலகத்திலிருந்து வந்ததா? கடைசிக் கடிதத்தில் தோட்டத்தின் பெயர் இருந்ததா, வெறும் எண்ணும் ரெஜிமென்ட் பெயரும் இருந்தனவா? கிழவர் ஹிந்துஸ்தானியில் எண்களும் கட்டளைகளும் சொன்னாரா? இந்தக் கடைசி அடையாளம் இரண்டு பட்டாளங்களுக்கும் பொது. ஆனால் ரயில்பாதைக்குப் போனவருக்கு அது வராது.

5. வருடங்களை ஒரு கோட்டில் கொண்டுவாருங்கள்

சாதகத்தில் பிங்கள வருடம் தை மாதம் என்று இருந்தால் அது 1917 அல்ல, 1918. தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் (தை ஜனவரி நடுவில்தான் பிறக்கும்). பெரியவர்கள் நினைவில் போர்க்காலம் இப்படி ஓடும்: சித்திரபானு 1942–43, சுபானு 1943–44, தாரண 1944–45, பார்த்திப 1945–46, விய 1946–47.

ஜப்பான் ஆட்சியில் அச்சான மலாயா, சிங்கப்பூர்க் காகிதங்களில் ஆண்டு 2602, 2603, 2604 என்று இருக்கலாம். அச்சுப் பிழை அல்ல. அது ஜப்பானியரின் ஆண்டுக் கணக்கு. 660ஐக் கழித்தால் 1942, 1943, 1944 வந்துவிடும். சிங்கப்பூருக்கு அப்போது 'சியோனான்' என்று பெயர்.

உதவித்தொகை கொடுத்துக் கங்காணிகள் மூலம் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது. ஆகவே 1940இல் கங்காணி கூட்டிப்போனார் என்று வீட்டில் சொன்னால், ஒன்று வருடம் தவறு, அல்லது அவர் தன் செலவில் போனவர்.

6. ஊரிலும் தாலுகாவிலும்

முதலில் எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் கிளம்பிய காலத்து வட ஆற்காடு மாவட்டம் மிகப் பெரியது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அன்றைய ஒரே மாவட்டம் இன்று நான்கு ஆட்சியர் அலுவலகங்கள். திருத்தணிப் பக்கத்துக் குடும்பமானால் அன்றைய கணக்கு சித்தூரில் இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், கோப்பு எந்த அலுவலகத்தில் தொடங்கியதோ அங்கேயே தங்கியிருக்கலாம், அல்லது மாவட்டம் பிரிந்தபோது நகர்ந்திருக்கலாம். ஓர் அலுவலகத்தில் என்னிடம் இல்லவே இல்லை என்று சொன்ன கோப்பு, பழைய மாவட்டத் தலைநகரின் பதிவறையில் இருந்தது. ஆகவே ஆரணிக்காரர் திருவண்ணாமலையில் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. வேலூர் சத்துவாச்சாரியிலும் கேட்க வேண்டும்.

சார்பதிவாளர் அலுவலகத்தை யாரும் நினைப்பதே இல்லை. மலாயாப் பணத்தில் வாங்கிய நிலம், அவர் இல்லாதபோது குடும்பம் விற்ற நிலம் இரண்டுக்கும் பத்திரம் இருக்கும். பழைய பத்திரத்தில் அப்பா பெயர், சாதி, தொழில், இருக்கும் ஊர் எல்லாம் எழுதுவார்கள். எங்களுக்கு 'தற்சமயம் பேராக்கில் இருக்கும்' என்ற ஒரே ஒரு சொற்றொடர் ஒரு கிரயப் பத்திரத்தில் கிடைத்தது. அதுவரை மலாயாவில் எந்த மாநிலம் என்றே தெரியாது. இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று இவ்வளவு பழைய ஆண்டுகளுக்குக் கை கொடுக்காவிட்டால், நேரில் மனுப்போட்டு, பெயர் அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்வே எண் மறு அளவையில் மாறியிருக்கும், பெயர் மாறாது.

தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடு, வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம் குடும்பமானால் ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு. வயதைச் சரிபார்க்க இவை போதும்.

7. ஓய்வூதியக் கோப்பு

அவர் 1960களுக்குப் பிறகு உயிரோடு இருந்தாரா? அப்படியானால் தியாகி ஓய்வூதியத்துக்கு மனுச் செய்திருக்கக்கூடும். கிடைத்ததா இல்லையா என்பது வேறு. மனுவே நமக்குப் பொக்கிஷம். தன் கதையைத் தன் வாயால் சொன்ன ஒரே காகிதம் அதுவாகத்தான் இருக்கும். நிராகரித்த மனுவுக்கும் கோப்பு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். "எங்க தாத்தாவுக்குப் பென்ஷன் வரலையே" என்று சொல்லி இந்தப் படியை விட்டவர்கள் பலர்.

இரண்டு ஓய்வூதியங்கள் உண்டு, இரண்டும் வேறு வேறு. மாநில அரசுடையது தலைமைச் செயலகத்தின் பொது (அரசியல் ஓய்வூதியம்) துறையில். மத்திய அரசுடையது 1972இல் தொடங்கி, 1980 முதல் ஸ்வதந்திரதா சைனிக் சம்மான் என்ற பெயரில், டெல்லி உள்துறை அமைச்சகத்தில். மாநில மனு பெரும்பாலும் ஆட்சியர் அலுவலகம் வழியாகப் போகும். தாசில்தார் விசாரணை அறிக்கை அதில் இருக்கும்.

முதலில் எண்ணைத் தேடுங்கள். பழைய கடிதத்தில் 'ந.க. எண்' என்று தொடங்கும் வரி, அரசாணை எண், ஓய்வூதியக் கொடுப்பாணை எண். பெயரை மட்டும் சொல்லிப் பழைய கோப்பைக் கேட்டால் எழுத்தர் எங்கே போய்த் தேடுவார்? எண் இருந்தால் பதிவறையில் எந்தக் கட்டு என்று அவருக்கே தெரியும். வீட்டில் எண் இல்லையா? அவர் பணம் வாங்கிய சார்நிலைக் கருவூலத்தில் கேளுங்கள்.

நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மாநில அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். மத்திய அமைச்சகத்துக்குப் பத்து ரூபாய் தபால் ஆணை அல்லது இணையத்தில் கட்டலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வேறு அலுவலகத்தின் பொருள் என்றால் அவர்களே ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும். இது பிரிவு 6(3). தனிப்பட்டவர் விவரம் என்று மறுத்தால், இருபது ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய பிரிவு 8(3)ஐக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள்.

மனுவில் "என் தாத்தாவின் தியாக வரலாறு வேண்டும்" என்று எழுதாதீர்கள். சட்டம் கொடுப்பது காகிதம், வரலாறு அல்ல. "இன்ன பெயர், இன்னாரின் மகன், இன்ன கிராமம், இன்ன ஆண்டுகளுக்கு இடையில் அளித்த ஓய்வூதிய மனு, இணைப்புகள், தாசில்தார் அறிக்கை, முடிவு ஆணை ஆகியவற்றின் நகல்" என்று பிரித்துக் கேளுங்கள். கோப்பை அழித்துவிட்டதாகச் சொன்னால், அழித்ததற்கான பதிவேட்டுப் பக்கத்தைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு கோப்பு கிடைத்த கதை எனக்கே இரண்டு தெரியும்.

கோப்பு வந்ததும் முதலில் கூட இருந்தவர்கள் கொடுத்த சான்றுகளைப் படியுங்கள். சிறைக் காகிதம் இல்லாத மலாயாத் தமிழர்களுக்கு அவைதான் ஆதாரம். முகாமின் பெயர், பிரிவு, அதிகாரி பெயர் அதில் இருக்கும். சான்று கொடுத்தவர் குடும்பத்தையும் தேடுங்கள். எங்கள் தாத்தாவுக்குச் சான்று கொடுத்தவர், கருமாதிக்கு வந்த அதே போளூர்க்காரர்.

ஒரு எச்சரிக்கை: சிலர் வேலூர் மத்திய சிறையில் பெயர் தேடுகிறார்கள். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதானவருக்கு அது சரி. கடல் கடந்து ஐ.என்.ஏ.வில் இருந்தவர் அங்கே இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

8. சென்னையில்

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிப் போங்கள். போன அன்றே கோப்பு கைக்கு வந்துவிடாது. வெறும் பெயரோடு போகாமல், ஏழாம் படியில் கிடைத்த அரசாணை எண்ணோடு போங்கள்.

தமிழக அரசு 1970களில் விடுதலைப் போராட்ட வீரர்களின் பெயர்த் தொகுதிகளை வெளியிட்டது. கன்னிமரா போன்ற பெரிய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அதில் பெயர் இல்லை என்பதால் அவர் இல்லை என்று ஆகாது. விண்ணப்பிக்காமலே செத்தவர்கள் எத்தனையோ பேர்.

9. டெல்லியில்

இப்போதுதான் தேசிய ஆவணக் காப்பகம். 1997இல் பாதுகாப்பு அமைச்சகம் ஐ.என்.ஏ. பற்றிய 990 கோப்புகளை அதற்குக் கொடுத்தது. 'அபிலேக் படல்' என்ற அதன் இணையத் தளத்தில் கணக்குத் தொடங்கி வீட்டிலிருந்தே தேடலாம். அங்கே தேடுபொறி பார்ப்பது கோப்பின் தலைப்பைத்தான், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெயரையும் அல்ல. ஆகவே தாத்தா பெயரைப் போட்டுத் தேடி ஒன்றும் இல்லை என்று மூடிவிடாதீர்கள். அவர் முகாம், ரெஜிமென்ட், ஊர் ஆகியவற்றைப் போட்டுத் தேடுங்கள். கோப்பைத் திறந்து பட்டியலில் மூன்றாம் படியின் எல்லாப் பெயர் வகைகளையும் பாருங்கள்.

முதல் வாசல்காரரானால் வேறு வழி: வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு, அவர் ரெஜிமென்ட்டின் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூர். படை எண் இல்லாமல் எழுதினால் பலன் குறைவு.

போரில் இறந்தவரானால், இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட தியாகிகள் அகராதியின் ஐந்தாம் தொகுதி தென் மாநிலங்களுக்கானது. பிரிட்டிஷ் படையில் இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர் தேடல் இலவசம்.

10. கடல் கடந்து

சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பான் ஆட்சிக் காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பேட்டிகள் நிறைய உண்டு. பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். உங்கள் தாத்தா பெயர் அதில் இருக்காது. ஆனால் அவர் இருந்த முகாமைப் பற்றிப் பேசுகிறவர் இருக்கலாம். அங்குள்ள தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களும் இருக்கின்றன.

தோட்டத்தின் பெயர் தெரிந்தால், அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகத்தைத் தேடுங்கள். தோட்டம் கைமாறி, செக்ரோல் புத்தகம் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) போயே போயிருந்தாலும், கோயிலைச் சுற்றி இருக்கும் குடும்பங்கள் போகவில்லை. 1948க்குப் பிறகும் தாத்தா மலாயாவில் இருந்திருந்தால் அடையாள அட்டை எடுத்திருப்பார். அந்த எண் வீட்டில் எங்காவது கிடக்கும்.

11. அவர்தானா என்று சரிபாருங்கள்

பெயர் ஒத்துப்போனதும் மகிழ்ச்சியில் நிறுத்திவிடாதீர்கள். முனுசாமி மகன் கோவிந்தசாமி ஒரு தாலுகாவிலேயே பலர். பெயர், அப்பா பெயர், கிராமம், வயது, கூட இருந்தவர் ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும்; அதில் ஒன்று கிராமமாகவோ கூட இருந்தவராகவோ இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் விதி. வயதில் இரண்டு மூன்று வருடம் முன்பின் இருக்கலாம். அந்தக் காலத்தில் வயதை யார் எண்ணினார்கள்?

பிறகு, வீட்டில் சொன்ன கதையோடு ஒப்பிடுங்கள். எங்கள் வீட்டுக் கதையில் தாத்தா இம்பாலில் சண்டை போட்டவர். கோப்பில் இருந்தது வேறு: 1944 தொடக்கத்தில் பேராக்கில் சேர்ந்தார், மலாயாவிலேயே பயிற்சி, மலாயாவிலேயே காவல், கடைசிவரை கப்பலோ ரயிலோ ஏறிப் பர்மா போகவில்லை. இது வழக்கமானதுதான். 1944இல் இம்பால் போர்முனைக்குப் போன முதல் டிவிஷனில் பெரும்பாலோர் பழைய சிப்பாய்கள். மலாயாவில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் பின்னால் பர்மா போனார்கள். மற்றவர்கள் மலாயாவிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

என் மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "இதை எழுதாதே" என்றார். நான் எழுதினேன். பதினேழு வயதில் கங்காணி பின்னால் போய், பால் வெட்டிய கூலியை விட்டுவிட்டு, திரும்பி வருவோமா என்று தெரியாமல் பட்டாளத்தில் பெயர் கொடுத்தவர் அவர். இம்பாலைக் கடன் வாங்கி அவருக்குச் சூட்ட வேண்டிய தேவை இல்லை.

12. எழுதி, பிரித்துக் கொடுங்கள்

எல்லாம் கிடைத்தபின் எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். எல்லாம் ஒருபோதும் கிடைக்காது. நான்கு பக்கம் போதும். காகிதம் சொன்னது ஒரு மையில், வாய்மொழி இன்னொரு மையில். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். பிறப்பிலிருந்து இறப்புவரை எழுதுங்கள். பட்டாளத்தில் இருந்த ஒன்றரை வருடம் மட்டும் அவர் வாழ்க்கை அல்ல. திரும்பி வந்து அவர் என்ன வேலை செய்தார், யாரிடம் கடன் பட்டார், எந்த மரத்தை நட்டார் என்பதெல்லாம் அந்தப் பத்திரங்களிலும் ஆயாவின் பேச்சிலும் இருக்கிறது.

நகல் ஐந்து எடுங்கள். ஒவ்வொரு பங்காளி வீட்டுக்கும் ஒன்று, சான்று கொடுத்தவரின் குடும்பத்துக்கு ஒன்று, அவர் படித்த பள்ளிக்கு ஒன்று. போளூருக்கு நானே கொண்டுபோனேன். அந்த வீட்டில் அவருடைய பேத்தி நான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். பிறகு உள்ளே போய், எங்கள் தாத்தா கையெழுத்தில் இருந்த இரண்டு தபால் அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.